காலந்தாழ்த்தலும் தோல்வியச்சமும்: மாணாக்கர்க்கு ஒரு பாடம்

கற்கும் பிள்ளைகளுக்கு நேரும் இடையூறுகள் பல. வறுமை ஒன்று, பிணி ஒன்று, நல்லாசிரியர் வாயாமை ஒன்று. இவையெல்லாம் புறத்தே நின்று தடுப்பன. பிறர் கண்ணுக்கும் புலப்படுவன. ஆதலால் இவற்றை நீக்க உதவுவாரும் சிலராவது உளராவர். அகத்தே நின்று தடுப்பதாய், பிறர் கண்ணுக்குச் சோம்பல்போலத் தோன்றுவதாய், அதனால் இரக்கம் பெறாது ஏச்சே பெறுவதாய் உள்ள இடையூறு வேறொன்று உண்டு. அது யாதெனின், படிக்கவேண்டுமென்று அறிந்தும், படிக்க விரும்பியும், அதனை நாளை நாளையென்று தள்ளிவைத்தலாம். அதன் இயல்பையும், அது தோன்றும் காரணத்தையும், அது நீங்கும் வழியையும் இப்பாடத்திற் சிறிது ஆராய்வாம்.

1. நோயின் குறி

வெள்ளவத்தையிலே, காலி வீதிக்கும் கடற்கரைப் புகையிரதப் பாதைக்கும் இடையிலுள்ள ஒழுங்கைகளுள் ஒன்றில், தொடர்மாடி வீடொன்றில் வாழும் மாணாக்கன் ஒருவனை மனத்தில் வைத்துக்கொள்வோம். அவன் இன்னானென்று பெயர் சுட்டவேண்டுவதில்லை. வெள்ளவத்தையில் மாத்திரமன்று, கொட்டாஞ்சேனையிலும் ஜிந்துப்பிட்டியிலும் அவனைப் போல்வார் பலர் உளர். கல்விப் பொதுத் தராதரப் பத்திர உயர்தரப் பரீட்சைக்கு இன்னும் நான்கு மாதங்களே உள்ளன. அவன் பாடசாலை விட்டுத் தனியார் வகுப்புக்குச் சென்று, அது முடிந்து இரவு ஏழு மணிக்கு வீடு வந்து சேர்கிறான். பௌதிகவியலிற் கடந்தகால வினாத்தாள் ஒன்றை நேரம் வைத்து எழுதிப் பார்க்கவேண்டுமென்பது அன்று அவன் கொண்ட எண்ணம்.

மேசையைத் துடைக்கிறான், பேனைகளை ஒழுங்குபடுத்துகிறான், கால அட்டவணையொன்றைப் பல நிறங்கொண்டு புதிதாக வரைகிறான், முன்னரே நன்கறிந்த பாடமொன்றை எடுத்து மீளவும் வாசிக்கிறான், சிறிதுநேரம் பார்ப்போமென்று கைத்தொலைபேசியை எடுக்கிறான். மணி பதினொன்றாகிறது. வினாத்தாள் மடித்தபடியே கிடக்கிறது. “நாளை விடியற்காலையில் எழுந்து எழுதுவேன்” என்று தனக்குத்தானே வாக்குக் கொடுத்துப் படுக்கிறான். படுத்தும் உறக்கம் வருவதில்லை.

இவனைச் சோம்பேறியென்பது பொருந்துமோ? பொருந்தாது. சோம்பேறி வேலை செய்யாமையில் இன்புறுவான், இவனோ துன்புறுகின்றான். சோம்பேறி கைகட்டி இருப்பான். இவனோ இரவு முழுவதும் ஏதேனுமொன்றைச் செய்துகொண்டே இருந்தான். செய்யவேண்டிய ஒன்றை மாத்திரமே செய்திலன். இனி, இளைப்பாறினான் என்னலாமோ? அதுவும் பொருந்தாது. இளைப்பாறியவன் மறுநாள் தெளிவோடு எழுவான். இவனோ பழைய சுமையோடு ஒரு நாட் சுமையையும் கூட்டிக்கொண்டு எழுகின்றான். எனவே காலந்தாழ்த்தல் சோம்பலும் அன்று, ஓய்வும் அன்று. இரண்டினின்றும் வேறாய நோய் அது. நோயை வேறொன்றாகக் கருதி மருந்து கொடுத்தால் நோய் தீராது என்பதை யாவரும் அறிவர்.

2. நோயின் காரணம்

அம்மாணாக்கன் செய்தவற்றையும் செய்யாததையும் ஒப்பு நோக்குக. மேசை துடைப்பதிற் பிழை நேராது. அறிந்த பாடத்தை வாசிப்பதிலும் பிழை நேராது. வினாத்தாள் எழுதுவதில் மாத்திரம் பிழை நேரும். நேர்ந்தாற் புள்ளி குறையும். குறைந்தால், “நான் நினைத்த அளவு கெட்டிக்காரன் அல்லேன்” என்பது வெளிப்படும். எழுதாத வினாத்தாளுக்குப் புள்ளியில்லை. புள்ளியில்லாதவிடத்துத் தோல்வியும் இல்லை. அதனை எழுதும்வரையும் அவன் “முயன்றால் வெல்லத்தக்கவன்” என்னும் பெயரை இழவாதிருக்கிறான். அவன் காப்பது நேரத்தையன்று, அந்தப் பெயரையே. கடைசிக் கிழமையில் அவசரமாகப் படித்துக் குறைந்த புள்ளி பெற்றாலும், “நாட் போதவில்லை; இல்லையேற் செய்திருப்பேன்” என்று சொல்லிக்கொள்ள இடமுண்டு. இவ்வாறு காலந்தாழ்த்தல் தோல்வியச்சத்துக்கு ஓர் ஒளிப்பிடமாகின்றது.

இதனாலன்றோ, வகுப்பிற் பின்தங்கிய பிள்ளைகளிடத்து மாத்திரமன்றி, சிறு வயதுதொட்டுக் கெட்டிக்காரப் பிள்ளையென்று ஊராராற் புகழப்பட்ட பிள்ளைகளிடத்தும் இந்நோய் காணப்படுகின்றது. புகழ் மிக்கவிடத்து இழப்பதற்கு அஞ்சும் பொருளும் மிகுதியென்க.

அச்சம் முழுவதும் பொய்யென்று நாம் சொல்லவில்லை. இந்நாட்டிற் பல்கலைக்கழக அனுமதி பெரும்போட்டிக்கு உரியது. பெரும்பாலான பாடநெறிகளில் நூற்றுக்கு நாற்பது இடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசைப்படியும், ஐம்பத்தைந்து இடங்கள் மாவட்ட அடிப்படையிலும், ஐந்து இடங்கள் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. வசதி மிக்க பாடசாலைகள் நிறைந்த கொழும்பு மாவட்டத்துப் பிள்ளை அம்மாவட்டத்துப் பிள்ளைகளோடேயே போட்டியிடல்வேண்டும். இசட் புள்ளியென வழங்கும் கணக்கிலே மிகச் சிறிய வேறுபாடும் ஒருவனை உள்ளேயோ வெளியேயோ நிறுத்திவிடும். இவற்றோடு, ஊரில் இருந்ததை விற்று நகரில் வாடகை கொடுத்துப் படிப்பிக்கும் தந்தையின் முகமும், “எத்தனை ஏ?” என்று கேட்கவிருக்கும் உறவினர் முகமும் அப்பிள்ளையின் கண்முன் நிற்கும். ஆதலால் அவன் அஞ்சுவது இயல்பே. அச்சம் குற்றமன்று, அச்சத்துக்கு அவன் தேடிய மருந்தே குற்றமுடையது.

அம்மருந்தின் குற்றம் யாதெனின், அது கடன் வாங்குதல் போல்வது. வினாத்தாளை மூடிவைத்த கணமே மனத்துக்கு ஓர் ஆறுதல் உண்டாகின்றது. அவ்வாறுதல் உடனே கிடைப்பதால், மனம் அதனை நினைவில் வைத்து, அடுத்த நாளும் அதனையே வேண்டுகின்றது. ஆனால் மூடிவைத்த பாடம் அங்கேயே கிடந்து வட்டியோடு வளர்கின்றது. பாடம் வளர அச்சம் வளர்கின்றது. அச்சம் வளர ஒளிதல் வளர்கின்றது. கனடா நாட்டுத் திமோதி பிச்சில் முதலிய இக்காலத்து உளநூலாரும், காலந்தாழ்த்தல் நேரத்தைப் பங்கிடத் தெரியாமையால் மாத்திரம் வருவதன்று, துன்பந்தரும் உணர்ச்சியினின்றும் அப்போதைக்குத் தப்பும் முயற்சியாலும் வருவது என்று ஆராய்ந்து கூறியுள்ளனர். கால அட்டவணைகளை எத்தனை முறை புதிதாக வரைந்தாலும் இந்நோய் தீராமைக்குக் காரணம் இதுவே.

எல்லாத் தாமதமும் அச்சத்தால் வருவதென்று கொள்ளற்க. அடிப்படை விளங்காமையாலும், உறக்கக் குறைவாலும், உடல் மெலிவாலும், வீட்டில் இருந்து படிக்க இடமின்மையாலும் தாமதம் வருதலுண்டு. ஆதலால் மாணாக்கன் முதலில் தன்னை நோக்கி, “இதனைத் திறக்க எண்ணும்போது என் மனத்தில் எழுவது யாது?” என்று வினவுதல் வேண்டும். “விளங்கவில்லை” என்று விடை வரின் ஆசிரியரை அடைக. “களைப்பு” என்று வரின் உறங்குக. “பயம்” என்று வரின் மேல்வரும் பகுதிகளை ஊன்றிப் படிக்க.

3. அஞ்சாது தொடங்கிய ஒருவர்

பிழைக்கு அஞ்சாது தொடங்குதல் என்பது யாதென விளங்குதற்கு, நம் நாட்டவர் ஒருவருடைய வரலாற்றை எடுத்துக்காட்டுவாம். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832ஆம் ஆண்டு பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள், சென்னைச் சர்வகலாசாலை முதன்முதலாக நடத்திய பி.ஏ. பரீட்சையிற் சித்தியெய்தியவர். ஆயினும் தமிழுலகம் அவரைப் போற்றுவது அப்பட்டத்தின் பொருட்டன்று. ஏட்டுச்சுவடிகளிற் கிடந்த பழந்தமிழ் நூல்களை அச்சேற்றிய பெருந்தொண்டின் பொருட்டே.

அத்தொண்டு பெருநூலொன்றோடு தொடங்கவில்லை. இருபதாண்டுகளை அணிமையிற் கடந்த இளைஞராய் இருந்தபோது, 1854ஆம் ஆண்டு, நீதிநெறி விளக்கம் என்னும் சிறு நூலை உரையோடு பதிப்பித்தார். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1868ஆம் ஆண்டு, தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு வெளியிட்டார். அப்போது தம் கல்வியே போதுமென்று கருதாமல், ஆறுமுக நாவலரவர்களைக் கொண்டு அதனைப் பரிசோதிப்பித்தார். 1879ஆம் ஆண்டு நாவலர் சிவபதமடைந்தார். திருத்தித் தரத்தக்க பெரியார் மறைந்தமையால் தாமும் நின்றுவிடாது, 1881ஆம் ஆண்டு வீரசோழியத்தையும், 1885ஆம் ஆண்டு தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887ஆம் ஆண்டு கலித்தொகையையும், 1889ஆம் ஆண்டு சூளாமணியையும் அச்சிற் கொணர்ந்தார்.

இவற்றுட் பொருளதிகாரம் அச்சமூட்டும் வேலை. சுவடிகளோ செல்லரித்தும் ஒடிந்தும் எடுத்தவிடமெல்லாம் உதிர்ந்துகொண்டிருந்தன. எழுத்துக்களுக்குப் புள்ளியில்லை, மூலம் இது, உரை இதுவெனப் பிரித்துக்காட்டும் குறியுமில்லை. தமிழ்நாட்டிற் பெரும்புலவர்கள் இருந்தும் அதனை அச்சிட முன்வந்திலர். தம்மைப் பற்றிப் பிள்ளையவர்கள் பதிப்புரையிற் கூறியதன் கருத்து வியக்கத்தக்கது: இவ்வேலைக்குத் தாம் முற்றும் வல்லவரென்று எண்ணித் தொடங்கவில்லையென்றும், புலவர்க்குரிய பெரும்பட்டங்கள் எவையும் தமக்கு இல்லாமையே தமக்குத் துணிவு தந்ததென்றும் அவர் எழுதினார். காத்துக்கொள்ளவேண்டிய பெயரொன்று தலைமேல் இல்லாதவனுக்குப் பிழையஞ்சி நிற்கவேண்டுவது இல்லையன்றோ?

பிழை நேர்ந்ததோ எனின், நேர்ந்தது. அவர் நச்சினார்க்கினியர் உரையென்று அச்சிட்டதன் இறுதிப் பகுதி, நச்சினார்க்கினியருடையதன்று, பேராசிரியருடையதென்று பின்வந்த புலவர்கள் ஆராய்ந்து தெளிந்தனர். ஈண்டு மாணாக்கர் நன்கு சிந்திக்கற்பாலது ஒன்றுண்டு. அவ்வாராய்ச்சி எங்ஙனம் நிகழ்ந்தது? அந்நூல் அச்சாகிப் பலர் கையில் இருந்தமையால் நிகழ்ந்தது. பிழையஞ்சி அவர் காத்திருந்திருப்பாராயின், பிழையும் தோன்றியிராது, திருத்தமும் தோன்றியிராது, சுவடியே உதிர்ந்து ஒழிந்திருத்தலுங் கூடும். எழுதப்பட்ட பிழையைத் திருத்தலாம். எழுதப்படாததைத் திருத்துவார் எவருமில்லை. இப்பாடத்தின் உட்பொருள் முழுவதும் இவ்வொரு வாக்கியத்துள் அடங்கும்.

4. நீங்கும் வழிகள்

மேற்கூறிய வரலாற்றினின்றும், இக்காலத்து ஆராய்ச்சிகளினின்றும் பெறப்படும் வழிகள் ஐந்தினை இனிக் கூறுவாம்.

முதலாவது, தொடக்கத்தைச் சிறிதாக்குக. மூன்று மணிநேர வினாத்தாள் கண்முன் மலைபோல் நிற்கும். அதிலுள்ள ஒரு வினா மலையன்று. “இன்று ஒரு வினாவை மாத்திரம், பதினைந்து நிமிடத்துக்கு” என்று வரையறுத்துக்கொள்க. அதனை முடித்தபின் நிறுத்த விரும்பின் நிறுத்துக. பெரும்பாலும் நிறுத்த மனம் வாராது. ஏனெனின் அச்சம் வாயிலிலேதான் நிற்கின்றது, வீட்டினுள் இல்லை. பெருவேலைகளும் சிறு பகுதிகளாகவே முடிவன. இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பில் இருந்த காலத்தில், 1943ஆம் ஆண்டு, அதன் முதற்றமிழ்ப் பேராசிரியராக அமர்ந்த விபுலாநந்த அடிகள், யாழ்நூல் என்னும் தமது ஆராய்ச்சி நூலுக்குப் பதினான்கு ஆண்டளவு உழைத்தார். அது 1947ஆம் ஆண்டு கரந்தைத் தமிழ்ச் சங்கத்தாரால் வெளியிடப்பட்டது. அதன் அரங்கேற்றம் நிகழ்ந்து இரண்டு மாதம் நிறையுமுன், அவ்வாண்டு யூலை மாதத்தில் அடிகள் மறைந்தார். அவர் நாளையென்று தள்ளியிருப்பாராயின், அந்நூல் நமக்குக் கிடைத்திராது.

இரண்டாவது, காலத்தையும் இடத்தையும் முன்னரே குறித்துக்கொள்க. “இவ்வாரம் நன்றாகப் படிப்பேன்” என்பது விருப்பம். “இன்று இராப்போசனம் முடிந்தவுடன், ஏழே முக்கால் மணிக்கு, சாளரத்தருகேயுள்ள மேசையில், ஐந்தாம் வினாவை எழுதுவேன்” என்பதே தீர்மானம். சேர்மனி நாட்டு உளநூலாராகிய கோல்விற்சரும் பிராண்ட்ஸ்ரெற்றரும் 1997ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், நத்தார் விடுமுறையில் ஓர் அறிக்கை எழுதி அனுப்புமாறு மாணவர்களிடம் கேட்டனர். எப்போது, எங்கே எழுதுவோமென்று முன்கூட்டிக் குறித்துக்கொண்டவர்களிற் பத்துக்கு ஏழு பேரளவினர் காலத்தில் எழுதினர். அவ்வாறு குறியாதவர்களில் மூன்றிலொரு பங்கினரே எழுதினர். வீட்டில் அமைதியில்லையெனின், வேறிடத்தைக் குறித்துக்கொள்க. 1942ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையில் நூலகமொன்றை நடத்திவருகின்றது. அத்தகைய இடங்கள் நமக்கு அணித்தே உள்ளன. கைத்தொலைபேசியை அந்நேரத்துக்கு வேறோர் அறையில் வைத்துவிடுக. அது கையருகே இருக்குமாயின், ஒளிந்துகொள்ளும் இடமும் கையருகே இருக்கின்றதென்று அறிக.

மூன்றாவது, பிழைவிடுதற்கென ஓரிடத்தை ஏற்படுத்திக்கொள்க. ஒரு கொப்பியின் முகப்பிற் “பிழைக் கொப்பி” என்று எழுதுக. செய்த கணக்கிற் பிழைத்த இடத்தையும், பிழைத்த காரணத்தையும் அதிலே இரண்டு வரியிற் குறித்து வருக. ஒரு மாதம் கழித்துப் பார்க்கும்போது, நூறு பிழைகளென்று அஞ்சியவை உண்மையில் ஏழெட்டுப் பிழைகளே பலமுறை வந்தனவென்று காண்பது அரிதன்று. அமெரிக்க நாட்டு வாசிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரு சாரார் பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தனர். மற்றொரு சாரார் வாசித்தபின் நூலை மூடி, நினைவில் உள்ளதை எழுதினர். ஐந்து நிமிடங் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களே மேம்பட்டனர்; ஒரு வாரங் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்களே மேம்பட்டனர். திரும்ப வாசித்தல் இன்று மனத்துக்கு இதமாய் இருக்கும். எழுதிப் பார்த்தல் பரீட்சை மண்டபத்திற் கைகொடுக்கும். விவேகானந்த மேட்டிலே 1902ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற கொழும்பு விவேகானந்த சபை நெடுங்காலமாக நடத்திவந்துள்ள சைவசமய பாடப் பரீட்சை போன்றவற்றுக்குச் சிறு வயதிலேயே தோற்றும் பிள்ளைகள், பரீட்சை என்பது வருவதும் போவதுமாகிய ஒரு காரியமென்று பழகுவர். அப்பழக்கமும் அச்சத்துக்கு மருந்தே.

நான்காவது, செய்ததைக் குறையோடே காட்டுக. திருத்தம் முடிந்தபின் ஆசிரியருக்குக் காட்டுவேனென்று வைத்திருக்கும் கட்டுரை, பெரும்பாலும் காட்டப்படாமலே போகும். வல்லவராகிய தாமோதரம்பிள்ளையே தம் பதிப்பை நாவலரிடம் ஒப்புவித்துத் திருத்தம் பெற்றாராயின், நமக்கு அதில் நாணமென்ன? விளங்காததை விளங்கவில்லையென்று வகுப்பில் எழுந்து ஒருவன் சொல்வானாயின், சொல்லத் துணியாத பத்துப் பிள்ளைகளுக்கும் அவன் உதவி செய்தவனாவான்.

ஐந்தாவது, தவறிய நாளைத் தவறிய நாளாகவே விட்டுவிடுக. இதனைக் கேட்டுச் சில பெரியோர் வியப்படையலாம். தன்னைக் கடிந்துகொள்பவனே திருந்துவானென்பது அவர் கொள்கை. கனடாவிற் பிச்சில் முதலியோர் 119 முதலாம் ஆண்டு மாணவர்களை ஆராய்ந்து 2010ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவு இதற்கு மாறானது. முதற் பரீட்சைக்குக் காலந்தாழ்த்திப் படித்தவர்களுள், அதன்பொருட்டுத் தம்மைத்தாமே மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த பரீட்சைக்குக் குறைவாகவே காலந்தாழ்த்தினர். காரணம் மேலே கூறியதே. தன்னை வைதுகொள்பவனுக்குப் புத்தகத்தைக் காணுந்தோறும் அவ்வசையே நினைவுக்கு வரும். வசைக்கு அஞ்சி மீளவும் ஒளிவான். மன்னித்தல் என்பது, “பரவாயில்லை” என்று படுத்துறங்குதலன்று, “நேற்றுத் தவறினேன், அது உண்மை, இன்று ஏழே முக்காலுக்கு ஒரு வினா” என்று எழுந்திருத்தலாம்.

5. தோல்வி நேர்ந்துவிட்டால்

இத்தனையும் செய்தவிடத்தும் தோல்வி நேர்தல் கூடும். முயன்றவர் யாவரும் வெல்வரென்று சொல்வது பொய். பொய்யைச் சொல்லிப் பிள்ளைகளுக்கு ஊக்கமளித்தல் தகாது. இடங்கள் குறைவு, வேண்டுவோர் பலர், ஆதலால் நன்றாய்ப் படித்தவருள்ளும் சிலர் வெளியே நிற்க நேரும். ஆயினும் உயர்தரப் பரீட்சைக்கு மூன்று முறை தோற்ற இடமளிக்கப்பட்டிருக்கின்றது. நாவலயில் உள்ள திறந்த பல்கலைக்கழகமும், தேசிய கல்வியியற் கல்லூரிகளும், தொழினுட்பக் கல்லூரிகளும் வேறு வாயில்களாய் உள்ளன. பெறுபேற்றுத் தாளில் எழுதப்படுவது ஒரு காலத்தில், ஒரு வினாத்தாளுக்கு, ஒருவன் எழுதிய விடையின் அளவேயன்றி, அவனுடைய அளவன்று.

இதனை அறிவாற் கண்டும் மனத்தால் ஏற்கமாட்டாது, உண்ணாது, உறங்காது, யாரோடும் பேசாது, உயிர் வாழ்தலையே வெறுத்து இருக்கும் பிள்ளைகளும் உளர். அத்தகைய எண்ணம் எழுமாயின் அதனை ஒருபோதும் தனியே சுமக்கலாகாது. அன்றே தாய்க்கோ, ஆசிரியருக்கோ, நம்பத்தக்க ஒருவருக்கோ சொல்லல் வேண்டும். தேசிய மனநல நிறுவனத்தார் 1926 என்னும் இலக்கத்தில் தொலைபேசி வழியாக உதவி செய்கின்றனர். உடல் நோய்க்கு வைத்தியரை நாடுதல்போல மனநோய்க்கும் நாடுதல் வழுவன்று.

6. பெற்றோருக்கும் ஆசிரியருக்கும்

இனி, பெரியோர்க்குச் சில சொற்கள். பிள்ளை காலந்தாழ்த்துவதைக் கண்டால், “பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்” என்று ஒப்பிட்டுச் சொல்லுதல் நம்மவர் வழக்கம். அச்சத்தால் ஒளிந்தவனுக்கு அச்சத்தை மேலும் ஊட்டினால், அவன் இன்னும் ஆழமாகவே ஒளிவான். “ஏன் இன்னும் தொடங்கவில்லை?” என்பதை விடுத்து, “எந்த இடம் கஷ்டமாய் இருக்கிறது? அந்த ஒரு வினாவை இப்போது செய், நான் பக்கத்தில் இருக்கிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். புள்ளித்தாளைக் கொண்டுவந்த பிள்ளையிடம் முதலிற் கேட்கவேண்டியது எத்தனையென்பதன்று. எந்தப் பிழையிலிருந்து எதனைக் கற்றாயென்பதே. கெட்டிக்காரனென்று புகழ்வதிலும், விடாது செய்தாயென்று புகழ்தல் நன்று. முன்னையது காத்துக்கொள்ளவேண்டிய பட்டமாகித் தலைமேல் ஏறும். பின்னையது நாளைக்கும் செய்யத்தக்க செயலைக் காட்டும்.

பரீட்சைக் காலத்திற் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் சந்நிதி முதலிய கோயில்களிற் பெற்றோர் அருச்சனை செய்விப்பதும், பிள்ளைகள் பேனையையும் அனுமதி அட்டையையும் வைத்து வணங்குவதும் நம்மிடையே உள்ள வழக்கம். அது நல்ல வழக்கமே. அவ்விடத்துப் பிள்ளையின் பொருட்டு வேண்டுவது மூன்று ஏ மாத்திரமாக இருத்தலாகாது. விளைவு எதுவாயினும் இப்பிள்ளை எங்கள் பிள்ளையே என்னும் உறுதியைப் பெற்றோர் தாமும் வேண்டிப்பெற்று, வீடு திரும்பும் வழியில் அதனைப் பிள்ளையிடம் வாய்திறந்து சொல்வாராக. அச்சொல்லைக் கேட்ட பிள்ளைக்குத் தோல்வி துன்பமாய் இருக்குமேயன்றி, அழிவாய்த் தோன்றாது. அழிவாய்த் தோன்றாத ஒன்றுக்கு ஒளியவேண்டுவதும் இல்லை.

மாணாக்கர்களே! இப்பாடத்தை வாசித்து, நன்றாயிருக்கிறது, நாளை முதல் இவ்வாறு செய்வேன் என்று எண்ணுவீர்களாயின், இதனை வாசித்ததனாற் பயன் இல்லை. மடித்து வைத்த வினாத்தாளை இப்போதே விரித்து, அதில் உங்களுக்கு அச்சந்தரும் வினா எதுவோ அதன் முதல் வரியை எழுதுங்கள். அது பிழையாயிருப்பினும் இருக்கட்டும். திருத்துவதற்கு இனி ஒன்று இருக்கின்றது.

பயிற்சி வினாக்கள்

1. காலந்தாழ்த்தலுக்கும் சோம்பலுக்கும் உள்ள வேறுபாடு யாது?

2. காலந்தாழ்த்தலைக் கடன் வாங்குதலோடு ஒப்பிட்டது ஏன்?

3. தாமோதரம்பிள்ளையவர்களுடைய பொருளதிகாரப் பதிப்பில் நேர்ந்த பிழை யாது? அது திருத்தப்பட்டதற்கு எது காரணமாயிற்று?

4. தவறிய நாளை மன்னித்தலுக்கும் அலட்சியஞ் செய்தலுக்கும் உள்ள வேறுபாட்டை உன் வாழ்க்கையில் நிகழ்ந்த ஒன்றைக் கொண்டு விளக்குக.

5. நீ நெடுநாளாகத் தள்ளிவைத்திருக்கும் பாடம் ஒன்றைக் கூறுக. அதன் முதற்பகுதியை இன்று எத்தனை மணிக்கு, எவ்விடத்தில் இருந்து செய்வாய்?